மடுல்சீமைக்கு ஏறும் கார்

அந்தக் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையில் என் கை ஒரு சாண் விரியவில்லை. பண்டாரவளையில் கார் விற்கிற ஒரு சேலில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, பெருவிரலைத் தரையில் ஊன்றிச் சுண்டுவிரலை மேலே நீட்டினேன். விரல் முழுதாக நீளுவதற்குள் தகரத்தில் இடித்தது.

கடை முதலாளி சிரித்தார். "டீச்சர், இது ஓட்டுற சாமான். அளக்குற சாமான் இல்ல."

என் கணவர் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எழும்பும். ஆக்கள் பாக்கினம்."

நான் எழும்பவில்லை. முதலாளியிடமே கேட்டேன். "இத மடுல்சீமை வரைக்கும் ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமா? அங்கயிருந்து தோட்டத்து ரோட்டுல கொஞ்சம் மேல ஏறணும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. "எல்ல பக்கம் போங்க, வெலிமடை போங்க, எண்ணெய் என் செலவு. கல்லு ரோட்டுக்கு மட்டும் கேக்காதீங்க டீச்சர். கீழ அடிச்சா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"கேட்டீங்களா?" என்று கணவரைப் பார்த்தேன். அவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் மாதிரி இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

எங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் காரின் கதை விளங்கும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் கணக்காளராக வந்தவர். நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து, பசறையில் படித்து, பல்கலைக்கழகம் போய், விஞ்ஞான ஆசிரியையாக வந்தவள். இரண்டு பேரும் விரும்பித்தான் கட்டிக்கொண்டோம். பதுளையில் வாடகை வீடு, ஒரு மகள். அப்பா இறந்த பிறகும் அம்மா தோட்டத்தை விட்டு வர மாட்டேன் என்று அந்த லயத்துக் காம்பராவிலேயே இருக்கிறார். காலம் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியதில் இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. மாதம் ஒருமுறை பதுளைக்குக் கிளினிக் வர வேண்டும். ஆட்டோவில் வந்தால் இறங்கும்போது அழுகிற மாதிரி இருக்கும் முகம். பஸ்ஸில் நின்றுகொண்டு வரவே முடியாது. நாங்கள் போவதும் அப்படித்தான். பசறை தாண்டியதும் வருகிற வளைவுகளில் மகள் வாந்தி எடுப்பாள். அவளுக்கென்று பையில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் உறைகள் எப்போதும் இருக்கும்.

இதுதான் எங்களுக்குக் கார் தேவைப்பட்ட காரணம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் வேறொன்றை நினைத்திருந்தார்.

இறக்குமதித் தடை எடுபட்டு மறுபடியும் கப்பலில் கார்கள் வரத் தொடங்கிய காலம். விலையைக் கேட்டால், முந்தி அந்தக் காசுக்கு வீடு கட்டியிருக்கலாம் என்று தோன்றும். அவருடைய தம்பி கொழும்பில் ஒரு நீளமான ஹைபிரிட் கார் எடுத்திருந்தான். அதைப் பார்த்து வந்த நாளிலிருந்து இவருக்கும் அதே வேண்டும். எண்ணெய் மிச்சம், சத்தம் இல்லை, யாழ்ப்பாணம் மட்டும் களைப்பில்லாமல் ஓடலாம். இதையெல்லாம் ஒரு கணக்காளரின் ஒழுங்கோடு சொன்னார்.

"நாம வருசத்துக்கு ரெண்டு தடவதான் யாழ்ப்பாணம் போறோம். மாசா மாசம் போறது எங்க ஊருக்கு. எது தேவைன்னு நீங்களே சொல்லுங்க."

"உம்மட அம்மாவுக்கு ஓட்டோ பிடிக்கலாம்தானே. அதுக்கெண்டு ஒரு கார் எடுக்க வேணுமோ?"

"அப்ப யாழ்ப்பாணத்துக்கு பஸ் இல்லையா? படுத்துக்கிட்டே போற ஏசி பஸ் ஓடுதே."

"விசர்க்கதை கதைக்காதையும். என்ர ஆக்களுக்கு முன்னால பஸ்ஸில போய் இறங்கச் சொல்லுறீரோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கார் எங்கே ஏறும் என்பது அவருக்கு முக்கியம் இல்லை. எங்கே ஏறாது என்பதுதான் முக்கியம். அதை வாங்கிவிட்டால் தோட்டத்துக்கு வராமலிருக்க அவர் ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லை. கார் ஏறாதே, நான் என்ன செய்ய, என்று கையை விரிக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் லயத்துக்கு அவர் வந்தது சில தடவைகள்தான். வந்தபோதெல்லாம் வெளியே கதிரையில் உட்கார்ந்து, சப்பாத்துக் கயிற்றைக்கூடத் தளர்த்தாமல், எப்போது கிளம்பலாம் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். சமையலறையில் நின்றுகொண்டு, வாளியில் தண்ணீர் நிரம்பி வழிய வழிய, சத்தமாகத்தான் சொன்னேன்.

அவரும் கத்தினார். "ஓம், வரேலாதுதான்! அந்தத் தோட்டக்காட்டு றோட்டுக்காக என்ர காசில ஒரு கார் வாங்கேலாது!"

தோட்டக்காட்டான். எங்களைப் பார்த்து இந்த நாட்டில் இளக்காரமாகச் சொல்லப்பட்ட சொல் அது. பல்கலைக்கழக விடுதியில் முதுகுக்குப் பின்னால் அதைக் கேட்டிருக்கிறேன். அவருடைய சொந்தக்காரப் பெண்ணொருத்தி எங்கள் கல்யாண வீட்டிலேயே அதைச் சொன்னாள். ஆனால் இவர் வாயிலிருந்து அன்றுவரை வந்ததில்லை. எப்போதோ கேட்டு உள்ளே வைத்திருந்தது, கோபம் வந்ததும் தானாக வெளியே வந்துவிட்டது.

"நான் றோட்டைத்தான் சொன்னனான்," என்றார், சொல்லி முடித்த அடுத்த நிமிடமே.

நான் குழாயைப் பூட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் காரைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் பேசவில்லை. "மகளுக்குச் சாப்பாடு குடுத்தாச்சு", "கரண்ட் பில் வந்திருக்கு". அவ்வளவுதான் பேச்சு.

நான் தனியாகத் தேட ஆரம்பித்தேன். உயரமாக இருக்க வேண்டும், மலை இழுக்க வேண்டும். பாடசாலையில் ஒரு சக ஆசிரியை, வெலிமடையில் ஒரு மரக்கறி வியாபாரி சின்ன ஜீப் விற்கிறார் என்றாள். அம்மா கிளினிக்குக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த சனிக்கிழமை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜீப்புக்குள் லீக்ஸ் வாசம் இன்னும் போகவில்லை. ஆனால் டயர்கள் பெரியவை, நான்கு சக்கரமும் இழுக்கும். என் கை ஒரு சாணுக்கு மேல் தாராளமாக விரிந்தது. அன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"ஏறுங்கம்மா, உக்காந்து பாருங்க."

அம்மா கதவைப் பிடித்தார். வலது காலைப் படியில் வைத்தார். உடம்பைத் தூக்க முடியவில்லை. காலை மாற்றிப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. பின்னாலிருந்து நான் இடுப்பைத் தாங்கி ஏற்றப் பார்த்தேன். வியாபாரியின் மனைவி ஓடிப்போய் ஒரு மரக்கறிப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்து, "இதுல காலை வச்சு ஏறுங்க" என்றாள்.

அம்மா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கதவை விட்டுவிட்டு விறுவிறுவென்று, அந்தக் காலோடு எவ்வளவு விறுவிறுவென்று முடியுமோ அவ்வளவு, ரோட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"என்னாம்மா, கோவமா?"

"ஒம் புருசன் என்னைய வச்சு ஒரு கார வேணாங்குறாரு. நீ என்னைய வச்சு ஒரு கார வேணுங்குற. நீங்க ரெண்டு பேரும் சண்ட புடிக்க என் முட்டிதான் கெடச்சுச்சா?"

"ஒங்களுக்காகத்தானே அலையிறேன்."

"எனக்காகன்னு யார்ட்டயும் சொல்லாத. நான் கேட்டனா? ஒனக்கு அவர ஜெயிக்கணும். அதுக்கு ஒனக்கு ஒரு ஜீப்பு வேணும். அந்தப் பெட்டி மேல ஏறி எறங்குறதுக்கு நான் என்னா, கோயில் யானையா?"

பதுளைக்கு வரும்வரை பஸ்ஸில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் கோபம்தான். உதவி செய்யப் போகிறவளைத் திட்டுகிற அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆனால் ஜீப் விஷயம் அத்தோடு முடிந்தது. அந்த ரோட்டில் ஏறுகிற வண்டியில் அம்மா ஏற முடியாது. அம்மா ஏறுகிற வண்டி அந்த ரோட்டில் ஏறாது.

இதற்கிடையில் கணவரும் சும்மா இருக்கவில்லை. ஒரு பின்னேரம் பாடசாலை விட்டு வந்தபோது வீட்டு விறாந்தையில் டை கட்டிய ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். லீசிங் கம்பனிக்காரன். என் கணவர் என்னிடம் சொல்லாமலே பண்டாரவளைக் காருக்கு முற்பணம் கட்டியிருந்தார். மிச்சத்துக்கு லீசிங் கடன். அவருடைய சம்பளத்துக்கு மட்டும் அந்தத் தொகை வராதாம். என்னுடைய சம்பளத்தையும் சேர்த்து, நானும் கையெழுத்து வைத்தால் வருமாம்.

அவரே தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"இஞ்ச ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்," என்றார். பல நாட்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

இளைஞன் பேனாவை நீட்டினான். "மிஸ், இந்த இடத்தில."

"தம்பி, இந்தக் கார் எங்க அம்மா வீட்டுக்குப் போகுமா?"

அவன் விளங்காமல் இவரைப் பார்த்தான். "மிஸ்ஸோட அம்மா வீடு எங்க?"

"அவரக் கேளுங்க. அந்த ரோட்டுக்கு அவர் ஒரு பேரு வச்சிருக்காரு. அதச் சொல்லச் சொல்லுங்க. சொன்னா நான் கையெழுத்து வைக்கிறேன்."

என் கணவரின் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது. இளைஞன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தேத்தண்ணீரைக் குடிக்காமலே, "நான் பிறகு வாறன் சேர்" என்று எழுந்தான். கேற்று வரைக்கும் அவனோடு போன இவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. முற்பணம் திரும்பி வரவில்லை என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வேறு மாதிரித் தேடினேன். தோட்டத்துக்குப் போனபோது அம்மா வழக்கமாக உட்காரும் மரக் கதிரையின் உயரத்தைத் தையல் டேப்பால் அளந்தேன். சிரமமில்லாமல் அவர் உட்கார்ந்து எழும்புகிற உயரம் அதுதான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் முதலில் முன்சீட்டின் உயரத்தை அளப்பேன், அப்புறம் குந்தி உட்கார்ந்து கீழே கையை வைப்பேன். தரகர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் என் காதுபடவே, "டீச்சர் சட்ட தைக்க வந்திருக்கா" என்றான். அவனிடம் வாங்காமல் விட்டதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கடைசியில் ஹல்துமுல்லையில் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி ஒருவரின் கார். பழைய ஜப்பான் கார், சின்னது, கூரை மட்டும் உயரம். பார்த்தால் பேக்கரிப் பாண் துண்டைச் சக்கரத்தில் ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். கியர் நாமே மாற்ற வேண்டும். ஏசி வேலை செய்யாது என்று அந்தத் தாதியே முதலில் சொல்லிவிட்டார். சீட்டு, அம்மாவின் கதிரை உயரம். கீழே என் சாண் முட்டாமல் விரிந்தது. அங்கேயே ஒரு தோட்டத்து ரோட்டில், தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றிப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் என்ஜின் நின்றது. "மொதல் கியர்லயே போங்க, அவசரப்படாதீங்க" என்றார். மறுபடி எடுத்தேன். முனகிக்கொண்டே ஏறியது.

டியூஷன் வகுப்பு எடுத்துச் சேர்த்த பணமும் ஆசிரியர் கடனும் அதற்குப் போதுமாக இருந்தன. என் பெயரில் எழுதி, நானே ஓட்டிக்கொண்டு பதுளைக்கு வந்தேன்.

கணவர் வாசலில் வந்து நின்று பார்த்தார். "உதுக்குக் கார் எண்டு பேரோ?"

"ஒங்களுக்கு என்னா பேரு வேணும்னாலும் வச்சுக்குங்க. பேரு வைக்கிறதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே."

அவர் அதை ஒருநாளும் ஓட்டவில்லை. ஏறவேண்டி வந்தால் பின்சீட்டில்தான் ஏறுவார், முன்சீட் காலியாக இருந்தாலும். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார். நான் யாரோ வாடகைக்கு ஹயர் ஓடுகிறவள் மாதிரி முன்னால் தனியாக இருப்பேன். கடைத் தெருவில் தெரிந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நானும் பொறுத்துக்கொண்டேன், தோட்டத்துக் கோயில் திருவிழா வரும்வரை.

திருவிழாவுக்கு அம்மாவே அவருக்குப் போன் செய்து கூப்பிட்டிருந்தார். அம்மா நேரில் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பசறை பஸ் நிலையத்தடியில் காரை மெதுவாக்கினேன். அங்கே என் மாணவியின் தகப்பன் காரை எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். என்னை இல்லை, பின்னால் இருந்தவரை. "ஐயா டிரைவர் வச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் காரை ஓரம் கட்டினேன். "முன்னுக்கு வாங்க. இல்லாட்டி எறங்குங்க."

"நீர் ஓட்டும்."

"எறங்குங்க."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் பேப்பரை மடித்தார், இறங்கினார், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நான் திரும்பிப் பார்க்காமல் கியரைப் போட்டேன்.

"அப்பா வரலையாம்மா?"

"பதுளைக்கு பஸ் இருக்கு. அப்பா வீட்டுக்குப் போவாரு."

ஆனால் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மத்தியானப் பூசை முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கீழ் லயத்துப் பக்கமிருந்து ஆட்கள் சத்தம் கேட்டது. பார்த்தால் இவர். மடுல்சீமை வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து அந்தக் கல்லு ரோட்டு முழுவதும் நடந்தே ஏறியிருக்கிறார். காற்சட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தது. சப்பாத்து கையில்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. லயமே அவரைச் சூழ்ந்துகொண்டது. "மாப்பிள்ள நடந்தே வந்திருக்காரு!" ஒருத்தி கால் கழுவச் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். ஒருவர் கதிரையைத் துடைத்துப் போட்டார். கோயில் தலைவர் வந்து, வெளியூர் பெரிய உத்தியோகத்தர் திருவிழாவுக்காகக் கால்நடையாக வந்திருக்கிறார் என்று மைக்கில் சொல்லி, அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். என்னைப் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "அவர நடக்க விட்டுட்டு நீ மட்டும் காருல வந்தியா?" நான் பந்தியில் சோற்று வாளி தூக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் விலகிய பிறகு, கதிரையில் தனியாக இருந்தவரிடம் போனேன். "ஏன் வந்தீங்க?"

"உம்மட அம்மாவுக்குச் சொன்னனான் வாறனெண்டு. உமக்கில்லை."

"ரோட்டு எப்படி இருந்துச்சு? நீங்க பேரு வச்ச ரோட்டு."

கொப்புளம் உடைந்திருந்த குதிகாலைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொல், பிழைதான் என்று ஒரே ஒரு சொல், அதற்காக நான் நின்றேன். அவர் மற்றக் காலை எடுத்து ஒற்றினார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பின்னேரம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம். மறுநாள் கிளினிக். அம்மா யார் கையையும் பிடிக்காமல் முன்சீட்டில் உட்கார்ந்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கணவர் மகளோடு பின்சீட்டில், தலையில் பரிவட்டத்தோடு. இந்தமுறை முன்னால் இடமே இல்லை, ஆகவே அங்கே அவர் உட்கார்ந்ததில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

பசறைக்கு இறங்கும்போது அம்மா வாயைத் திறந்தார். "கார் வாங்குனது நீ. ஊர்ல பேரு வாங்குனது அவரு. இன்னைக்கு யாரு ஜெயிச்சீங்க?"

"கொஞ்சம் பேசாம வாங்கம்மா. வளைவு வருது."

"நான் எப்பவும் பேசாமத்தான் இருக்கேன். நீங்கதான் ரெண்டு பேரும் என் முட்டிய வச்சுப் பேசிக்கிட்டே இருக்கீங்க."

பின்னாலிருந்து அவர் சிரித்த மாதிரி இருந்தது. அது சிரிப்பா, இருமலா என்று நான் கேட்கவில்லை.

இப்போது மாதா மாதம் கிளினிக்குக்கு நான்தான் அம்மாவைக் கூட்டிவருகிறேன். கணவர் சிலசமயம் கூடவே வருகிறார், பின்சீட்டில். ஏன் வருகிறார் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கொழும்புத் தம்பியின் கார் மாதிரி ஒன்றின் விலையைத் தொலைபேசியில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பார்க்கட்டும். என் கையெழுத்து இல்லாமல் அது வராது.